மாரிகாலத்தில் மறுபிறவி எடுக்கும் வள்ளம்

கண்டியில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், சந்தையில் விற்கும் மீனும் கருவாடும்தான் என்று பலர் விடை பகர்வர். சுற்றிலும் மலைகள்; நடுவே ஓர் ஏரி. அவ்வேரியிலும் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளையன்றி வலை வீசும் வள்ளம் எதனையும் காண்பதற்கில்லை. நம் பாடசாலை மாணவருள் அநேகர் மீன்பிடி வள்ளத்தைப் படத்திலே கண்டவர்களேயன்றி, கரையேற்றிக் கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்களல்லர்.

ஆயினும் இம்மலைநாட்டிலிருந்து கடற்கரைக்குச் சென்று, பழைய வள்ளங்களின் ஆயுளை நீட்டிக்கத் துணைபுரியும் பொருள்கள் இரண்டு உள. ஒன்று மரம்; மற்றொன்று ஆற்றுநீர். மரத்தின் கதை யாவர்க்கும் எளிதில் விளங்கும். ஆற்றுநீரின் கதை அவ்வாறன்று. அதனைக் கேட்டறிந்தபோது நாமே வியப்புற்றோம். அவ்வியப்பில் வாசகர்க்கும் பங்கு தரவேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் மரம். கண்டிச் சுற்றுப்புறத்து வீட்டுத்தோட்டங்களில், பலாவுக்கும் கமுகுக்கும் இடையே, கிளையின்றி நெடுநெடுவென உயர்ந்து நிற்கும் மலைவேம்பை வாசகர் அறிவர். சிங்கள மக்கள் அதனை லுணுமிதெல்ல என்பர். நம் பழைய வீடுகளின் கூரைக்கு உட்பலகையாக அடிப்பதும் பெரும்பாலும் அதுவே. கனம் குறைந்தது, நீரில் நன்கு மிதப்பது. ஆதலின் இலங்கைக் கரையோரத்து மீனவர் தம் ஓருவின் பக்கத்தே பூட்டும் மிதவைக் கட்டைக்கும், தெப்பத்துக்கும் அம்மரத்தை விரும்பித் தேடுவர். நம் வேலியோரம் நின்ற மரம் ஒன்று, நாம் அறியாமலே, எங்கோ ஒரு குடாவில் அலைமீது ஆடிக்கொண்டிருக்கக் கூடும்.

இனி ஆறு. மலைநாட்டு மழையை வாரிக்கொண்டு, கண்டி நகரை மூன்று புறமும் வளைத்து ஓடும் மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் தூரம் சென்று திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கின்றது. கண்டி இராச்சியத்தின் கப்பற்றுறைகளுள் ஒன்றாகக் கொட்டியாரம் விளங்கிய காலமும் உண்டு. 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் கரையோரம் முழுவதையும் கண்டி மன்னன் இழந்தான். கடற்கரை இல்லாத இராச்சியம் உப்புக்கும் கருவாட்டுக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நின்ற கதை அன்றுமுதல் தொடங்கியது.

பழுது பார்க்க வந்த கப்பல்

கொட்டியாரக்குடா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். சரித்திர பாடத்தில் அவர் பெயரைப் படித்த மாணவர் பலர், அவர் ஏன் இலங்கைக் கரைக்கு வந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். அவர் வந்தது படையெடுப்பதற்கு அன்று. மரக்கலம் ஒன்றைப் பழுது பார்ப்பதற்கே!

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துத் துறையில் நங்கூரமிட்டு நின்ற 'ஆன்' என்னும் கப்பலைப் பெரும்புயல் தாக்கிற்று. வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடல் கொள்ளும் சீற்றத்தை நாம் அறிவோமன்றோ? நடுப்பாய்மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் கப்பலைக் காப்பாற்ற முடிந்தது. புதிய பாய்மரம் நாட்டவும், அவ்வேலை நடக்கும்வரை சிறிது வியாபாரம் செய்யவும் கொட்டியாரக்குடாவே தகுந்த இடமென்று அனுப்பப்பட்டது அக்கப்பல். தலைவர் நொக்ஸின் தந்தையார். மகனுக்கு அப்போது வயது 19.

காற்றுக்கு மறைவான குடா, கரையெங்கும் மரம், அருகே நன்னீர் ஆறு ஆகிய மூன்றும் மரக்கலம் திருத்துவோர்க்கு வேண்டியவை. மூன்றும் அங்கு இருந்தன. இல்லாதது மன்னனின் நம்பிக்கை ஒன்றே. 1660ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் பிடித்தனர். பாய்மரத்துக்கு அணைகட்டை வெட்டக் காட்டுக்குச் சென்றிருந்த மாலுமிகளும் அவ்வாறே அகப்பட்டனர். பதினாறு பேர் சிறையாயினர். கப்பல் அவர்களை விட்டுச் சென்றது. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் மாண்டார். மகனோ கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் கிராமத்தில் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்று, நெல்லைக் கடன் கொடுத்து வாங்கிக் காலங்கழித்தார். 1679இல் தப்பி, அருவி ஆற்றின் வழியாக அரிப்புக் கோட்டையை அடையும்வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கடலைக் காணவில்லை. பாய்மரம் ஒன்று முறிந்ததால் நமக்குக் கிடைத்தது 1681இல் இலண்டனில் அச்சேறிய அவருடைய நூல். அக்காலத்துக் கண்டி மக்களின் வாழ்க்கையை அத்துணை நுணுக்கமாக எழுதி வைத்தவர் வேறு எவரும் இலர் எனலாம்.

ஓடம் இல்லாமையால் வந்த கேட்டுக்கும் கண்டியிலேயே சான்றுண்டு. 1803ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவி என்பவரின் கீழிருந்த ஆங்கிலேயப் படை கண்டியைவிட்டுத் திருக்கோணமலைக்குச் செல்லப் புறப்பட்டது. வட்டப்புலுவைத் துறைக்கு வந்தபோது மகாவலி பெருக்கெடுத்து ஓடிற்று. அக்கரை செல்ல ஓடமில்லை. தெப்பம் கட்ட முயன்றும் இயலவில்லை. அவ்விடத்திலேயே அப்படை அழிந்தது. அவர்கள் அரசனாக்கக் கொணர்ந்த முத்துசாமியும் உயிர் துறந்தான். பின்னர் 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலம் கட்டப்பட்டது. 1905இல் அது நீக்கப்படும்வரை மகாவலியின் பெருவெள்ளங்களையெல்லாம் கண்டு நின்றது அப்பாலம். மர வேலையின் சிறப்பைப் பேசும்போது அதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் நம் வள்ளத்துக்குத் திரும்புவோம்.

மாரி தரும் ஓய்வு

ஐரோப்பாவின் வடபகுதியில் குளிர்காலம் வந்ததும் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றிக் கொட்டகைகளில் வைத்துப் பழுது பார்த்து, வசந்தம் பிறக்குமுன் புதுவர்ணம் பூசிவிடுவர். நமக்குப் பனிக்காலம் இல்லை, மாரி உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்று வலுக்கும்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சிறு வள்ளங்கள் அதில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். மேற்குக் கரையிலோ இது நேர்மாறு. அங்கே சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையிலான காலமே தொல்லை தருவது. இவ்வாறு இலங்கையின் ஒரு கரை ஓய்ந்திருக்கும்போது மறுகரை உழைக்கின்றது. நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் சோளகக் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தங்குவது நெடுங்கால வழக்கம்.

ஓய்வு என்று நாம் சொல்லிவிட்டோம். மீனவர் குடும்பத்தில் அதற்கு வேறு பெயர்: பஞ்சம். வருவாய் நின்றுவிடும், அடுப்பு நிற்காது. முதலாளியிடம் முற்பணம் பெறுவர். பருவம் திறந்ததும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே, கொடுக்க வேண்டும். ஆகவே மாரியில் வள்ளத்தைத் திருத்தி முடிப்பதென்பது பொழுதுபோக்கு அன்று. தை பிறந்து கடல் தணியும் நாளில் வள்ளம் இறங்கத் தயாராக இல்லையெனில், இழக்கும் ஒவ்வொரு நாளும் கடனில் ஏறும்.

சென்ற மாரியின்போது நாம் மூதூர்ப் பக்கம் சென்றிருந்தோம். கரையிலே, கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றின் கீழ், இருபத்தைந்து அடி நீளமான பழைய மரவள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய மகன் முப்பது வயது இளைஞர். இருவர்க்குமிடையே நின்றார் ஓடாவியார். மரக்கலத் தச்சரை ஓடாவி என்றழைப்பது நம் தமிழில் வழங்கும் நல்லதொரு சொல். அகராதியிலும் உண்டு, கடற்கரையிலும் உண்டு.

"இதை விறகுக்குக் கொடுத்துப்போட்டு ஒரு பைபர் போட் எடுப்பமே, அப்பா?" என்றார் மகன்.

தகப்பனார் மறுமொழி கூறவில்லை. ஓடாவியாரைப் பார்த்தார்.

ஓடாவியார் கையிலிருந்த சிறு மரச்சுத்தியலால் அணியத்திலிருந்து தொடங்கி ஏராக் கட்டை நெடுகிலும் தட்டிக்கொண்டே போனார். ஓசை ஒரே சீராக, கணீரென்று கேட்டது. பின்னணியத்தை அண்டிய இரண்டு பலகைகளில் மட்டும் ஓசை மழுங்கிற்று. மறுபடியும் அவ்விடத்தில் தட்டினார்.

"ஏரா நல்லாயிருக்குத் தம்பி. ரெண்டு பலகைதான் போயிற்று. ஏரா போயிருந்தால் நானே விறகுக்குக் கொடு என்று சொல்லியிருப்பன்" என்றார்.

பழைய வள்ளத்தைத் திருத்துவதா, கைவிடுவதா என்னும் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை வேறில்லை என்று நாம் கருதுகின்றோம். ஏரா என்பது வள்ளத்தின் முதுகெலும்பு. பலகையை மாற்றலாம், உள்ளே வளைந்து நிற்கும் வங்குக்கால்களையும் மாற்றலாம். ஏரா உளுத்தபின் மற்றவற்றை மாற்றுவது, அத்திவாரம் இளகிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும்.

மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டிய காரணம் யாது? கண்ணால் பார்த்தால் தெரியாதோ? தெரியாது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து உண்ணும் கடற்புழு ஒன்று உண்டு. புழு என்று அழைப்பினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் ஓடுகள் இரண்டும் சிறுத்து, தலையிலே துளைக்கும் கருவியாக மாறிவிட்டன. கண்ணுக்குப் புலப்படாத குஞ்சாக இருக்கும்போதே ஊசிமுனை அளவான துளையிட்டு மரத்தினுள் புகுகின்றது. உள்ளே சென்றபின் வளர்ந்து, விரல் பருமனான வழிகளைக் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்ப்பவர்க்கு இரண்டொரு சிறு புள்ளிகள், உள்ளேயோ தேன்கூடு! 1731ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து தேசத்தின் கடலணைகளைத் தாங்கிய மரத்தூண்களை இப்புழு தின்று தீர்த்தபோது அந்நாடே கலங்கியது. கடல்களை ஆண்ட ஒல்லாந்தர், தம் வீட்டு வாசலில் ஒரு சிப்பியிடம் தோற்றனர். இப்புழு மரத்தைக் குடைந்து செல்லும் முறையைப் பார்த்தே ஆற்றின் கீழ்ச் சுரங்கம் அகழும் உபாயத்தைப் புறூனெல் என்னும் பொறியியலாளர் கண்டறிந்தார் என்பர். 1843இல் திறக்கப்பட்ட தேம்ஸ் நதிச் சுரங்கம் அவ்வாறு அமைந்ததே.

இங்கேதான் நம் ஆற்றுநீர் வருகின்றது. கடற்புழுவுக்கு உப்பு நீர் இன்றியமையாதது. நன்னீரில் சில வாரங்களில் மடிந்துவிடும். ஆதலின் ஆற்றுமுகத்தை அடுத்து வாழும் மீனவர் தம் வள்ளங்களைக் கழிமுகத்துக்குள் கொண்டுசென்று நன்னீரில் நிறுத்தி வைப்பது, பல தேசங்களிலும் கையாளப்பட்ட பழைய வைத்தியம். மாரிகாலத்தில் மகாவலி பெருகிக் கொட்டியாரக்குடாவின் உப்பைத் தணிக்கும்போது, மலைநாட்டில் பெய்த மழை மூதூர் வள்ளத்தின் நோயைத் தீர்க்கின்றது! 1976இல் பொல்கொல்லை அணையும் 1985இல் விக்டோரியா அணையும் ஆற்றை அடக்கியபின் வெள்ளத்தின் போக்கு முன்போல் இல்லை. எனினும் வைத்தியத்தின் தத்துவம் மாறவில்லை.

அதே நன்னீர் மற்றோரிடத்தில் நஞ்சாகின்றது என்பதையும் சொல்லவேண்டும். கடல்நீர் ஊறிய பலகையை உக்கச் செய்யும் பூஞ்சணம் எளிதில் பற்றாது. உப்பே அதற்குக் காவல். மழைநீர் தேங்கிய பலகையோ விரைவில் உக்கும். ஆகவேதான் மாரியில் வள்ளத்தைக் கவிழ்த்து, மேலே கிடுகுக் கொட்டிலும் போடுகின்றனர். கரையிலே வாய் திறந்தபடி மழையில் நனையும் வள்ளம் இரண்டு மாரியில் கெடுமளவுக்கு, கடலில் உழைக்கும் வள்ளம் பத்து ஆண்டிலும் கெடுவதில்லை என்று ஓடாவியார் கூறினார். கணக்குச் சற்று மிகையாக இருக்கலாம்; கருத்து மிகையன்று.

திருத்த வேலையின் ஒழுங்கை நாம் இரண்டு நாட்கள் உடனிருந்து பார்த்தோம். முதலாவது சுரண்டல். அடிப்புறத்தில் ஒட்டிக் காய்ந்த கொட்டலசு, பாசி, பழைய வர்ணம் யாவும் நீங்கவேண்டும். பெண்களும் பிள்ளைகளும் கைகொடுக்கும் வேலை இதுவே. ஓர் எச்சரிக்கை: முற்காலத்துப் படகு வர்ணங்களில் ஈயச் செந்தூரம் சேர்ப்பது வழக்கம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. பழைய வர்ணத்தை உலரச் சுரண்டித் தூசி பறக்கவிடாமல், நீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுதலும், குழந்தைகளை அப்பால் அனுப்புதலும் நன்று. வீட்டுக் கதவுகளைச் சுரண்டும் கண்டி வாசகர்க்கும் இது பொருந்தும்.

அடுத்தது பலகை மாற்றல். வேப்ப மரம் அவர்கள் வளவிலேயே விழுத்தப்பட்டு, ஓராண்டு நிழலில் கிடந்து முற்றியிருந்தது. வேம்பும் இலுப்பையும் நம் வட கிழக்கு ஓடாவிகள் நெடுங்காலமாகக் கையாண்ட மரங்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், நம்மவரான மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நம் மூத்த வாசகர் கேள்வியுற்றிருப்பர். அதனைக் கட்டியோர் எந்தக் கலாசாலையிலும் பொறியியல் படித்தவர்களல்லர்.

பலகையைப் பொருத்தியபின் வருவது கலப்பற்று. இரண்டு பலகைகள் சேரும் மூட்டிலே பருத்தித் திரியையோ தென்னந் தும்பையோ முறுக்கி, தட்டையான உளியால் அடித்து இறுக்குவதைக் கலப்பற்றுதல் என்பர். அதன்மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயிலே காய்ச்சிய பசையைச் சூட்டோடு தடவுவர். ஆணியில்லாமல் கயிற்றினால் தைத்த தோணிகளிலும் இதே தும்பு வேறு வகையில் பயன்படும். கரைவலைக்குச் செல்லும் தட்டையான தோணிகள் சில அவ்வாறு தைக்கப்பட்டவை. மார்க்கோ போலோ பாரசீகக் கரையிலே தைத்த கப்பல்களைக் கண்டு அவற்றை இகழ்ந்து எழுதினார். அலை மோதும் மணற்கரையில் ஏறி இறங்கும் தோணிக்கு ஆணியின் விறைப்பைவிடக் கயிற்றின் நெகிழ்ச்சியே நலம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலில் வந்தோரையெல்லாம் பொங்கும் அலைகளின் ஊடே கரைசேர்த்தவை தைத்த மசூலாப் படகுகளேயன்றோ?

கலப்பற்றுவதில் கை அளவறிய வேண்டும். கரையில் காய்ந்த பலகை சுருங்கி மூட்டு அகன்றிருக்கும். இடைவெளி பெரிதாயிருக்கிறதே என்று திரியை அள்ளித் திணித்து அடித்தால், நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருக்க இடமின்றி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விரியும். தளர்வாக விட்டாலோ ஒழுகும். எவ்வளவு போதும் என்று ஓடாவியாரைக் கேட்டோம். உளியை அடிக்கும் ஓசை மாறும்போது நிறுத்தவேண்டும் என்றார். அந்த ஓசை மாற்றத்தை நாம் எவ்வளவு செவிசாய்த்தும் உணர முடியவில்லை. அவரிடம் வேலை பழகும் சிறுவனோ உடனே உணர்ந்தான்.

வர்ணம் பூசுவதற்கு மட்டும் அவசரம் கூடாது. மழை ஈரம் உள்ளே இருக்க, மேலே வர்ணத்தைப் பூசினால் ஈரம் அடைபட்டு மரத்தை உள்ளிருந்தே உக்கச் செய்யும். வர்ணமும் கொப்புளித்து உரியும். எனவே மாரியில் தச்சு வேலை, தையில் வர்ணம் என்பது நியதி. முன்னாளில் சுறா எண்ணெயையும் முந்திரிக்கொட்டை எண்ணெயையும் வர்ணத்துக்குப் பதிலாகப் பூசினர். அடிப்புறத்துக்கு இக்காலத்தில் செம்பு கலந்த பூச்சு உண்டு. செம்பின் நஞ்சுக்கு அஞ்சிக் கொட்டலசும் புழுவும் அண்டா. வெள்ளீயம் சேர்ந்த பூச்சு ஒன்று சில காலம் உலகெங்கும் வழங்கியது. சிப்பி, நத்தை முதலிய உயிர்களை அது பெரிதும் கெடுத்தமையால், 2008 முதல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று அதனைத் தடை செய்துள்ளது.

மகன் மேற்புறத்துக்கு நீலமும் மஞ்சளும் வாங்கி வைத்திருந்தார். வள்ளத்தை விற்கவேண்டும் என்று வாதாடியவரும் அவரே. வர்ணத்தைத் தெரிவு செய்வதில் மிகுந்த சிரத்தை காட்டியவரும் அவரே. நாம் அதனைக் கவனித்தோமேயன்றி ஒன்றும் கேட்கவில்லை.

பைபர் போட்டும் பழைய வள்ளமும்

மகன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கண்ணாடி நாரும் பசையும் சேர்த்து வார்க்கும் படகு கனம் குறைந்தது, புழு துளைக்காது, ஆண்டுதோறும் கலப்பற்ற வேண்டியதில்லை. 1967 முதல் நோர்வே நாட்டாரின் உதவியோடு யாழ்ப்பாணப் பகுதியில் இயங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் இத்தகைய படகுகளைக் கட்டியது. இன்று இலங்கைக் கரையெங்கும் காணப்படுவன பெரும்பாலும் இவையே. நல்ல மரம் அருகி, விலையும் ஏறிய காலத்தில் இம்மாற்றம் வந்தே தீரும்.

ஆயினும் கண்ணாடி நார்ப் படகுக்கும் பராமரிப்பு உண்டு. பாறையில் உரசி வெடித்த இடத்தைத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, நார்ப்பாயைப் பசையில் தோய்த்துப் படைபடையாக ஒட்டவேண்டும். ஈரத்தில் ஒட்டிய ஒட்டு நில்லாது. அதன் ஆயுள் முடிந்தபின்னர் விறகுக்கும் உதவாது, எரித்தால் நச்சுப்புகை. மரவள்ளமோ தன் வங்குக்காலையும் ஆணியையும் அடுத்த வள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு மண்ணோடு மண்ணாகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பூரணை தினம், நத்தாருக்கு மறுநாள், கிழக்கிலே வாடைக்காலமும்கூட. வள்ளங்கள் பல கரையிலேயே இருந்தன. ஆழிப்பேரலை வந்து அவற்றை வாரிச் சென்றது; வீடுகளுக்கு மேலும் மரங்களுக்கு மேலும் எறிந்தது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தன, அல்லது சேதமுற்றன. உயிரிழந்தோர் தொகை 30,000க்கும் மேல். அதன்பின் உலகெங்குமிருந்து உதவி வந்தது. புதிய படகுகள் விரைந்து கட்டப்பட்டன. விரைவில் கட்டியமையால் அவற்றுட் சில கடலுக்குத் தகுதியற்றவையாய் இருந்ததைப் பரிசோதகர் கண்டனர். சேதமுற்ற பழைய வள்ளங்களைத் திருத்திக் கொடுப்பதைவிடப் புதியதைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது எளிதாயிற்று. கொடுத்தோரின் நல்லெண்ணத்தை நாம் குறைகூற வரவில்லை. எனினும் ஓடாவிகளின் கைக்கு அன்று கொடுத்திருக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதி கொடுக்கப்படவில்லை என்பது நம் துணிபு. வேலை இல்லாத கைத்தொழிலைப் பழக எந்தச் சிறுவன் வருவான்?

பழைய மரக்கலத்தைப் பேணுவது வறியவர்க்கு மட்டுமே உரிய காரியம் என்று எவரும் எண்ணவேண்டாம். நம் திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று உண்டு. பம்பாயில் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் நீரில் இறக்கியது அது. 1990 முதல் 2001 வரை, இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில், பதினோராண்டுகள் பாடுபட்டு அதனைத் திருத்தினர். இன்றும் அது அங்கே மிதந்துகொண்டிருக்கின்றது. திருக்கோணமலை மாவட்டத்து வள்ளத்துக்குப் பதினோராண்டு பொறுக்கும் பாக்கியம் இல்லை. மூன்று மாதத்தில் முடியவேண்டும்.

நம் ஊருக்கு அண்மையிலும் இப்போது மீனவர் உளர் என்பதைச் சொல்லாது விடலாகாது. விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தபின், அதன்மேல் கண்ணாடி நாராலான சிறு ஓருக்களில் இருவர் இருவராகச் சென்று வலை கட்டுகின்றனர். 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்க இனமாக இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீனே அவர்களுக்கு முதல். கடற்புழு இல்லாத நன்னீர். வாடை, சோளகம் என்ற பயமும் குறைவு. வறட்சியில் நீர் வற்றி, பழைய நகரின் சுவர்கள் வெளிப்படும் நாட்களில் அவ்வோருக்கள் சேற்றிலே சாய்ந்து கிடக்கும். திருத்துவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் வேளை அதுவாகும். மாணவர் ஒரு விடுமுறை நாளில் சென்று பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் மிதவைக் கட்டை எந்த மரம் என்று கேட்டுப் பார்க்கவும்.

மூதூர் வள்ளம் மாசி முதல் வாரத்தில் கடலுக்கு இறங்கிற்று. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அயலவர் பதினைந்து பேர் தோள் கொடுத்தனர். முஸ்லிம் அயலவர் இருவரும் கூட நின்று தள்ளினர். இறங்கிய நாழிகையிலேயே மூட்டுகளிலிருந்து நீர் கசியத் தொடங்கியது கண்டு நாம் திடுக்கிட்டோம். கரையிலே நின்ற ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. உலர்ந்த பலகை கடல்நீரைக் குடித்துப் பருத்துத் தானாகவே மூட்டை அடைக்கும்வரை அவ்வாறுதான் கசியும் என்றார் ஓடாவியார். வள்ளத்தை ஆழமில்லாத இடத்தில் கட்டிவிட்டு, மகன் அன்று இரவு முழுவதும் அதிலேயே இருந்து நீர் இறைத்தார். மறுநாள் கசிவு பாதியாயிற்று. மூன்றாம் நாட் காலையில் உள்ளே கையை வைத்துப் பார்த்தார். அடிப்பலகை ஈரமாக இருந்ததேயன்றி நீர் தேங்கவில்லை. அன்று மாலையே வலையை ஏற்றினர்.